பூ வைத்த இடம்

என் பின்கழுத்தில் ஈரமாக ஏதோ பட்டது.

மேடையில் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசித்துக்கொண்டிருந்த இசையின் நடுவே ஒரு மௌனம் வரும். அது முடிகிற வரைக்கும் இரண்டு கைகளையும் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தபோதுதான் அந்த ஈரம் பட்டது. அடுத்து ஒரு ஊசி மண்டையைக் கீறியது. பிறகு முல்லைப் பூவின் வாசம்.

முன்பின் தெரியாத ஓர் அம்மா என் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

வைத்து முடித்து, என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். விரல்கள் படபடவென்று முறிந்தன. பியானோவுக்காக வைத்திருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது. கீழே கைதட்டல் கிளம்பியது. பின்வரிசையில் ஒரு புண்ணியவதி குலவை போட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் அந்தரத்திலேயே நின்றன.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் சபை நடுவே ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்தால் என்ன அர்த்தம் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இனி அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கக் கூடாது. கிறிஸ்தவ வேதக்காரர் வீடு, இந்து வீடு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. "பூ வச்சாச்சு" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் தரகர்கூட அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பதே அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

ஒரே ஷாட்

மாதா கோயில் கீபோர்டை நான் பாழாக்கிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "உங்கள் அப்பா தங்கமான மனிதர், அவரைப் பற்றி இன்னும் எழுதுங்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எழுதுகிறேன் ஐயா. இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான்.

அப்பா பிசிக்ஸ் வாத்தியார். ஆவூர்ப் பக்கம் எங்கள் வீடு. அவருக்கும் அம்மாவுக்கும் நான் ஒரே பெண். பூசைக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள் சென்னைக்குப் போய், விடுதியில் தங்கி, பியானோ படித்துவிட்டு வந்திருந்தேன். இருபத்திரண்டோ மூன்றோ வயது.

நான் வாசித்தது ஐரோப்பாவில் நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய இசை. ரொமான்டிக் காலம் என்பார்கள். அந்த வார்த்தையைச் சொன்னாலே எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதில் அவர்கள் நினைக்கிற சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஒரு ஆள், ஒரு பியானோ. ஆத்திரமோ அழுகையோ ஏக்கமோ, எதுவானாலும் அந்த ஒரு ஆளின் விரலில்தான் வர வேண்டும். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம், வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் அதில் சத்தமாகவே சொல்லலாம்.

வெளிநாட்டில் ஓர் இசைக் கல்லூரி. முதல் கட்டத் தேர்வில் தேறிவிட்டேன். கடைசிக் கட்டத்துக்கு வீடியோ அனுப்ப வேண்டும். சபைக்கு முன்னால், நிஜப் பியானோவில் வாசித்த கச்சேரியாக இருக்க வேண்டும். ஒரே ஷாட். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, கேமரா நகரக் கூடாது. என் முகமும் இரண்டு கைகளும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தெரிந்தாக வேண்டும். இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, தங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயது வரம்பு எனக்கு அந்த வருஷத்தோடு முடிந்தது. விட்டால் விட்டதுதான்.

சென்னையில் அரங்கு கிடைக்காமல் நான் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாதான் சொன்னார்.

"எதுக்கும்மா அங்கிட்டும் இங்கிட்டும் அலையிற? நம்ம டவுன்லயே மண்டபம் புடிச்சு வச்சிருவோம். நான் பாத்துக்கிறேன்."

"நெஜமாவாப்பா? நீங்க போக வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"அப்பன்னா நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வேன். அதுக்காக ஒன் ஆசையக் கெடுப்பேனா?"

அன்று அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பீரோ இறங்கியது

திருச்சியிலிருந்து வாடகைப் பியானோ குட்டியானை வண்டியில் வந்தது. பெரிய கச்சேரிகளில் நீங்கள் பார்க்கிற, இறக்கை விரித்த ரகம் அல்ல. நிமிர்ந்து நிற்கிற ரகம். போர்வை போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள்.

மண்டபத்து வாட்ச்மேன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "சீர் பீரோவை இங்கிட்டு எறக்கணுமா, மேல கொண்டு போகணுமா?"

"பீரோ இல்லண்ணே, பியானோ."

"அதான் பாப்பா கேக்குறேன், எங்கிட்டு வைக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா என்னைவிட அதிகமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இவ்வளவு சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

கச்சேரிக்கென்று கறுப்பில் நீள கவுன் ஒன்று தைத்து வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்த பார்வையிலேயே அது பெட்டிக்குத் திரும்பிவிட்டது.

"கறுப்பா? இழவு வீட்டுக்கா போறோம்? அரக்குப் பட்டு எடுத்து வச்சிருக்கேன், கட்டிக்க."

"பெடல்ல கால் வைக்கணும்மா. சரிகை தடுக்கும்."

"கொஞ்சம் தூக்கிக் கட்டு. கண்ணாடி வளையலும் போட்டுக்க."

வளையலுக்கு மட்டும் மசியவில்லை. மைக்கில் கலகலவென்று கேட்கும். அம்மா வளையலைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். சொல்லாமல் அலமாரிக்குள் திருப்பி வைத்தார். அம்மாவுக்கு எங்கள் வீட்டில் நடக்கிற எல்லாம் எப்போதும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியாது.

யாருக்குப் பூசை?

கறுப்பு, இழவு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூட நாட்களில் மீமிசல் பக்கம் கடலோரத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கீபோர்டு வாசிக்கப் போயிருந்தேன். பூசைக்கு முன்னால் சும்மா கைப் பழக்கத்துக்கு ஒரு நாக்டர்ன் வாசித்தேன். நாக்டர்ன் என்றால் இரவைப் பற்றிய மெதுவான, ஏக்கமான இசை. பந்தலில் கருவாட்டு வாசம். கடல் காற்றுக்கு இசைக் குறிப்புத் தாள் பறந்துகொண்டே இருந்தது.

ஓர் அக்கா இடுப்புப் பிள்ளையோடு வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாருக்கு ஆத்தா எறந்தவங்க பூசை? எங்களுக்குச் சொல்லவே இல்லையே?"

எங்கள் பக்கம் மெதுவாக ஒன்றை வாசித்தால் யாரோ செத்துவிட்டார்கள். வேகமாக வாசித்தால் கல்யாணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷிக்கு வேறு எதுவும் நடக்கலாம் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. இந்த ஊரில் நாக்டர்ன் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

யாரு பாடுறது?

மண்டபத்துக்கு வருவோம். மேடையில் மணமக்கள் உட்காரும் சிம்மாசனங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பியானோவை நிறுத்தியிருந்தோம். வீடியோ எடுக்க மாரிமுத்து அண்ணன். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர்தான். அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அண்ணே, கேமராவ ஸ்டாண்டுல வச்சிட்டீங்கன்னா அதுக்கப்புறம் தொடவே கூடாது. ஆடக் கூடாது, திரும்பக் கூடாது."

"சரி பாப்பா."

"என்ன நடந்தாலும்."

"மண்டபம் தீப்புடிச்சாலும் தொடல. போதுமா?"

ஆட்கள் வந்தார்கள். அப்பாவின் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம். ஒருவர் விடாமல் கேட்ட கேள்வி, "பாட்டு யாரு பாடுறது?" பாட்டு இல்லை, வெறும் வாசிப்புத்தான் என்றேன். "மொத்தமுமேவா?" என்று ஒரு மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கேசரி வாசம் வந்துகொண்டிருந்ததால் எழுந்து போகாமல் இருந்தார்.

முதல் வரிசை சோபாவில் எனக்குத் தெரியாத ஒரு குடும்பம். ஊதாப் பட்டுச் சேலையில் ஓர் அம்மா. மடியில் வாழையிலைப் பொட்டலம். பக்கத்தில் ஒரு பெண் செல்போனை மேடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். அப்பா அவர்களிடம் என்னை அழைத்துப் போனார்.

"லூர்தம்மாள்மா. கீரமங்கலத்துல பூக் கமிஷன் கடை வச்சிருக்காங்க. இசைன்னா உசுரு."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நல்லா வாசி தாயி" என்றார். கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி இந்த இசையைக் கேட்க வந்திருக்கிறார்களே என்று இரண்டு தடவை நன்றி சொன்னேன். அந்தச் செல்போனில் சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தலையில் பூ வைக்கும் முன்னாலேயே காதில் நன்றாகச் சுற்றிவிட்டார்கள்.

வாசித்தேன். இரண்டு நாக்டர்ன்கள், வால்ஸ் என்கிற நடன இசை ஒன்று. அன்று நான் நன்றாக வாசித்தேன். தற்பெருமை என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். வாடகைப் பியானோவின் கட்டைகள் கனமாக இருந்தன. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை லேசாக ஒட்டிக்கொண்டது. அதையெல்லாம் மீறி, பழகும்போது ஒரு தடவைகூட வராத ஒரு நிதானம் அன்று கைக்கு வந்தது. ஒரு குழந்தை அழுதது, அதன் அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கடிகாரம் பார்த்த மாமாகூட அசையாமல் இருந்தார். இடம் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மௌனம்

கடைசியாக வாசித்தது ஒரு பாலட். பெரியது, கதை சொல்வது போலப் போகிற வகை. மெதுவாக ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி ஏறி, இனி முடியாது என்கிற உச்சத்தில் இரண்டு கையாலும் பல கட்டைகளை ஒன்றாக ஓங்கி அடிக்கிற, கார்டு என்கிற ஒலிக்கொத்துகள் வரும். பிறகு அந்த மௌனம். மௌனத்துக்குப் பின், கேட்டும் கேட்காமலும் சில மெல்லிய கார்டுகள். அதற்குப் பிறகுதான் முடிவுப் பகுதி. அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி கொட்டும். கைதேர்ந்தவர்களுக்கே கை உதறும் பகுதி. தேர்வுக்காரர்கள் முக்கியமாகப் பார்ப்பதும் அதைத்தான்.

அந்த மௌனத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டி அசடு வழிகிறவர்கள் வெளிநாட்டு அரங்குகளிலேயே உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் தட்டினால் தட்டட்டும் என்று நானே என்னைத் தயார்படுத்தித்தான் வைத்திருந்தேன். ஒருவர் மேடையேறிப் பூ வைப்பார் என்று யார் நினைத்தார்கள்?

திரும்பினால் ஷாட் போய்விடும். கையை இறக்கினால் மௌனம் போய்விடும். எழுந்தால் எல்லாமே போய்விடும். நெட்டி முறிந்த சத்தம் அடங்கக் காத்திருந்தேன். கைதட்டல் அடங்கவில்லை. இனிக் காத்திருக்க முடியாது என்று அந்தக் கூச்சலிலேயே மெல்லிய கார்டுகளை வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை.

பிறகு முடிவுப் பகுதி. அவ்வளவு கோபத்தோடு அதை அதற்கு முன்னால் வாசித்ததில்லை, பிறகும் வாசித்ததில்லை. சரம் அவிழ்ந்து கழுத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பூ கட்டைகளுக்கு நடுவில் விழுந்தது, அதன் மேலேயே வாசித்தேன். எனக்குப் பின்னால் சந்தனமும் கற்கண்டும் தட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று அப்பாவின் குரல் கேட்டது.

முடித்தபோது மூன்று நான்கு பேர் தட்டினார்கள். மற்றவர்கள் முன்னாலேயே தட்டி முடித்துவிட்டார்கள்.

'மணமகள் அறை' என்று எழுதியிருந்த அறைக்குள் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னப்பா இது?"

"சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டும்னுதாம்மா வரச் சொன்னேன். நல்ல எடம். ஒங்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"நடுவுல வந்து பூ வச்சுட்டாங்களேப்பா!"

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? பூக் கடைக்காரங்க. சத்தம் நின்னதும் முடிஞ்சிருச்சுன்னு ஏறிட்டாங்க. நான் என்னத்தக் கண்டேன்? விடு. வீடியோவை அனுப்பு. கெடைச்சா பாத்துக்கலாம்."

நம்பினேன். அந்த ஊதாப் பட்டுச் சேலையை மனதுக்குள் கண்டபடி திட்டினேன்.

ரோஜா இதழ்

மறுநாள் மாரிமுத்து அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனேன். பியானோ காலையிலேயே திருச்சிக்குத் திரும்பிவிட்டது.

நாக்டர்ன்கள் அருமையாக வந்திருந்தன. வால்ஸ் அருமை. பாலட்டும் அந்த மௌனம் வரை ஒரே ஷாட், அசையாத ஷாட், முகமும் கைகளும். ஊதாச் சேலை மேடையேறியதும் படம் குலுங்கியது. கேமரா ஸ்டாண்டை விட்டு எழுந்துவிட்டது.

பூ. பூ வைக்கிற கை, நெருக்கத்தில். நெட்டி முறிக்கிற முகம். செல்போனுக்குள் சிரிக்கிற மாப்பிள்ளை. சந்தனத் தட்டு. கற்கண்டு. அப்பா கும்பிடுகிறார். பின்னணியில் நான் உயிரைக் கொடுத்து வாசிக்கிற முடிவுப் பகுதி. அதை வாசிக்கிற கைகள் கடைசி வரை படத்தில் வரவே இல்லை.

"தொடமாட்டேன்னு சொன்னீங்களேண்ணே!"

"என்ன பாப்பா பேசுற? பூ வைக்கிறாங்க. அதை எடுக்காம பியானோவையா எடுக்கச் சொல்ற? நாளைக்கு ரெண்டு வீட்டுலயும் என்னைய காறித் துப்ப மாட்டாங்க?"

சொல்லிவிட்டு உற்சாகமாக இன்னொன்றைப் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவென்று அவரே சுருக்கமாக வெட்டி ஒட்டியது. நானும் செல்போனுக்குள் இருக்கிற அந்த மனிதரும் ஓர் இதயத்துக்குள் நிற்கிறோம். மேலேயிருந்து ரோஜா இதழ் கொட்டுகிறது. சத்தம் மட்டும் வேறு.

"ஒன் மியூசிக்கு ஒரே தடதடன்னு இருந்துச்சு. அமுக்கிட்டு நாதஸ்வரம் போட்டுட்டேன். நல்லாருக்குல்ல?"

அவர் கடைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பொண்ணு வெட்கப்பட்டு அழுகிறது என்று நினைத்து ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

கடைசித் தேதிக்கு நாள் இல்லை. பியானோ இல்லை. மண்டபம் இல்லை. இன்னொரு தடவை என்று கேட்டபோது அப்பா காது கேட்காத மாதிரி பேப்பரைத் திருப்பினார். இருந்ததை விளக்கம் எழுதி அனுப்பினேன். பதில் மரியாதையாக வந்தது. அதுவரை கேட்ட வாசிப்பு மிகவும் பிடித்திருந்ததாம். முக்கியமான பகுதியில் கைகள் தெரியாததால் விதிப்படி பரிசீலிக்க இயலவில்லையாம். வருந்துகிறார்களாம்.

அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "சரி விடும்மா. பூ வச்சாச்சு. ஆக வேண்டியதப் பாப்போம்" என்றார்.

கீரமங்கலம்

யாரிடமும் சொல்லாமல் கீரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாவை நேராகக் கேட்டுவிட வேண்டும். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

கமிஷன் கடையில் ஈரச் சாக்கின் மேல் முல்லை குவிந்து கிடந்தது. ஏலச் சத்தம். லூர்தம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். "வா தாயி, வா, இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காரு. தனியாவா வந்த?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினேன். "வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள யாராவது மேடையேறுவாங்களா? ஒங்களால என் படிப்பே போச்சு. எனக்குப் படிக்கணும், ஒங்க வீட்டுக்கு வரணும்னு நான் சொல்லவே இல்ல. என்னைய யாரும் கேக்கவே இல்ல."

ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஏ ஆத்தா, என்ன சொல்ற? ஒனக்குச் சம்மதம்னு ஒங்க அப்பா சொன்னாரே."

"நான் அப்படிச் சொல்லல."

"நான் எங்கிட்டு ஏறுனேன்? நீ முடிச்சிட்டுக் கீழ எறங்கி வரட்டும், அப்பறம் வச்சுக்கலாம்னுதான் பூவ மடியிலயே வச்சுக்கிட்டு இருந்தேன். ஒங்க அப்பாதான் என்னையக் கூட்டியாந்து படிக்கிட்ட நிறுத்துனாரு. முடிஞ்சிருச்சா சார்னு கேட்டேன். 'முடியல. இப்ப ஒரு எடம் வரும். சத்தமா அடிச்சிட்டுக் கையத் தூக்கிக்கிட்டு சும்மா இருப்பா, அப்பப் போங்க'ன்னாரு. அதே மாதிரி நீயும் கையத் தூக்குன. அவரு சாடை காட்டுனாரு, நான் ஏறுனேன். அந்த எடத்துல வைக்கிறதுதான் அந்த வாத்தியத்துக்கு மொறை போலன்னு நெனச்சேன்."

அந்தச் சாக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். லூர்தம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிங்கப்பூருக்குத் தானே பேசிக்கொள்வதாகவும், தன் வாயால் முறித்தால் என் பேர் கெடாது என்றும் சொன்னார். அப்படியே செய்தார். இந்தக் கதையில் நான் திட்டித் தீர்த்த மனுஷி அவர் ஒருவர்தான்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பாலட்டை நான் வீட்டுக் கூடத்துக் கீபோர்டில் மாதக்கணக்கில் பழகினேன். பழகும்போதெல்லாம் அப்பா பக்கத்து நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். ஒரு நாள் மௌனத்தில் கையைத் தூக்கி நிறுத்தியபோது போன் அடித்து, எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்ததும், தலையை நிமிர்த்தாமல், "என்னம்மா, புயல் இன்னும் வரலையே?" என்றார். முடிவுப் பகுதிக்கு அவர் வைத்த பேர் அது. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அந்த மண்டபத்தில் இருந்தவர்களில், அது முடிவு இல்லை என்று தெரிந்தவர்கள் நானும் அவரும் மட்டும்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கீரமங்கலம் போயிட்டு வாரேன்" என்றேன்.

அப்பாவின் கை இலையில் நின்றது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏம்பா? முடிஞ்சதும் வைக்கச் சொல்லியிருக்கலாம்ல? நாலு நிமிஷம்ப்பா. நாலு நிமிஷம் பொறுத்திருந்தா எனக்கு எடம் கெடைச்சிருக்கும்."

"கெடைச்சுப் போயிருப்ப. போனவ யாரு திரும்பி வந்திருக்கா?" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். வகுப்பில் கணக்கை விளக்குகிற குரல். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடின்னா நீ மேடையே ஏற மாட்ட. முடிஞ்ச பெறகுன்னா பூவத் தட்டிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவ. நடுவுல நீ எந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா."